ஒரு சிரிஞ்சு போதும்: வீட்டு வேதியியலுக்கு அளவுக் கருவிகள்

குமுளியில் ஏலக்காய் நிறுக்கும் தராசுக்குப் பஞ்சமில்லை. திரவத்தை அளக்கும் ஆய்வகக் கண்ணாடிக் குழாய்களான பிப்பெட், பியூரெட் வேண்டுமென்றால் மலையிறங்கத்தான் வேண்டும். உப்பு, சமையல் சோடா, எலுமிச்சைச் சாறு என்று வீட்டில் சோதனை செய்பவருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. மெடிக்கலில் விற்கும் சிரிஞ்சு ஒன்றே கன அளவும் காட்டும், எடையும் காட்டும்.

படி 1: சிரிஞ்சு

10 மி.லி. ஒன்று, 2 மி.லி. ஒன்று வாங்குங்கள். ஊசி தேவையில்லை. இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம். அதில் உள்ள கோடுகள் மி.லி. அல்ல, யூனிட். தண்ணீரை உறிஞ்சியதும் முனையை மேலே பிடித்துச் சுண்டினால் காற்றுக்குமிழி ஏறிவிடும், மெல்லத் தள்ளி வெளியேற்றுங்கள். ரப்பரின் முன்பக்கம் குழாய்ச் சுவரைத் தொடும் வளையத்தில்தான் அளவைப் பார்க்க வேண்டும். நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்த உச்சியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 2: அளவு ஜாடி

நேரான, ஒடுங்கிய கண்ணாடிக் குப்பியில் நெடுக ஒரு காகிதப் பட்டையை ஒட்டுங்கள். சிரிஞ்சால் 10 மி.லி. ஊற்றி ஒரு கோடு, மறுபடி 10, மறுபடி கோடு. தண்ணீரின் மேற்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். கண்ணை அதே மட்டத்துக்கு இறக்கி, குழியின் அடியைப் பாருங்கள். டீக்கடை கிளாஸ் இதற்கு ஆகாது. மேலே போகப்போக அது விரிவதால், இரண்டு கோட்டுக்கு நடுவே பாதியைக் குறித்தால் 5 மி.லி. வராது.

படி 3: தராசு

சுவாரசியமே இங்கேதான். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம். நம் ஊர் வெப்பத்தில் அரை சதவீதம்கூடக் குறையாது. ஆகவே எடைக்கல்லே வேண்டாம்.

30 செ.மீ. மர ஸ்கேலில் 15-ஆவது செ.மீ. கோட்டில், அகலத்தின் நடுவுக்குச் சற்று மேலே துளையிட்டு நூலில் தொங்கவிடுங்கள். துளை நடுவுக்குக் கீழே போனால் ஸ்கேல் குப்புறக் கவிழும். 1, 29 ஆகிய கோடுகளில் சிறு வெட்டுப் போட்டு, ஒரே மாதிரியான இரண்டு காகிதக் கப்புகளைக் கட்டுங்கள். எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறதோ அங்கே மெழுகுத் துணுக்கு ஒட்டிச் சமன் செய்யுங்கள்.

5 கிராம் சோடா வேண்டுமா? வலது கப்பில் சிரிஞ்சால் 5 மி.லி. தண்ணீர் விட்டு, ஸ்கேல் மட்டமாகும்வரை இடது கப்பில் சோடாவைத் தூவுங்கள். அதைக் கரைத்து, படி 2-இன் ஜாடியில் 100 மி.லி. கோடுவரை நிரப்பினால் 5 சதவீதக் கரைசல் தயார்.

தராசு சரியா என்று பார்க்க, 2012 முதல் 2017 வரை அச்சிட்ட பித்தளை நிற ஐந்து ரூபாய் நாணயம் நல்ல சாட்சி. அது 6 கிராம், எனவே 6 மி.லி. தண்ணீர் கேட்க வேண்டும். ஆண்டைப் பார்த்து எடுங்கள், 2019-இல் வந்த புதுத் தொடர் 6.74 கிராம். விடை தள்ளிப்போனால் நாணயத்தையும் தண்ணீரையும் பக்கம் மாற்றி நிறுத்து, இரண்டின் சராசரியை எடுங்கள். அந்தக் காலப் பொற்கொல்லர் குன்றிமணி வைத்து நிறுத்தார்கள்தான். ஆனால் விதைக்கு விதை எடை மாறும், போதாததற்கு அது விஷம். வேண்டாம்.

படி 4: சொட்டு

1 மி.லி.க்கு 20 சொட்டு என்பது தோராயக் கணக்கு. உங்கள் டிராப்பரில் 1 மி.லி. உறிஞ்சி நீங்களே எண்ணிப் பாருங்கள். சர்க்கரைப் பாகுக்கும் தண்ணீருக்கும் ஒரே எண் வராது.

படி 5: தெர்மாமீட்டர்

காய்ச்சல் பார்ப்பது சுமார் 42 டிகிரியோடு நின்றுவிடும், அதைக் கொதிநீரில் விடாதீர்கள். சமையலுக்கான டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தால் 0 காட்ட வேண்டும். அப்புறம் கொதிநீர். 300 மீட்டர் ஏற ஏறக் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அதனால் இங்கே 97 காட்டுவதைப் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.