மனநோய் மாத்திரை: ஆள் நன்றாக இருக்கும்போது நடக்கும் தவறுகள்

மனநலக் களப்பணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளோடு வீடு வீடாகப் போகிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த குழிகளிலேயே அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது என்பதெல்லாம் மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதை விடுவோம்.

நிறுத்திய முதல் மாதத்தை நம்புவது

இதைப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. திருவட்டார் பக்கம் ஒரு பையன், ரப்பர் பால்வெட்டுத் தொழில். மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் மனநோய்) அடங்கி, அதற்கான ஒலான்சபின் மாத்திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தான். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக் கூடாதென்று மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போனது. அப்புறம் மாத்திரையே நின்றுபோனது.

அடுத்த மாதம் அவனைப் பார்த்திருக்க வேண்டும். முகத்தில் களை. மத்தியானத் தூக்கம் போயே போச்சு. விடிகாலை மூன்று மணிக்குத் தானாக எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறான். "எனக்க பிள்ள இப்பதான் பழைய ஆளா இருக்கான் சாரே. அந்த மாத்திரதான் அவனக் கெடுத்துப் போட்டிருக்கு" என்றார் அம்மா. என்னோடு வந்த புதுப் பணியாளர் பதிவேட்டில் 'நலம்' என்று எழுதி, அடுத்த வருகையை மூன்று மாதம் தள்ளி வைத்தார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. மாத்திரை தந்த மந்தமும் அகோரப் பசியும் மாத்திரையை விட்டால் சில வாரத்தில் குறைந்துவிடும். நோய் அந்த வேகத்தில் திரும்பாது. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு வருடம்கூட ஆகும். அந்த இடைவெளியில்தான் வீட்டாரும் ஏமாறுகிறார்கள், பணியாளரும் ஏமாறுகிறார்.

இவனுக்கு முதலில் தூக்கம் குறைந்தது. பிறகு மதினி வைத்த சோற்றை மோந்து பார்த்துத் தள்ளினான். ரப்பர் பாலில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று, பால் பிடிக்க மரத்து மூட்டில் இருந்த சிரட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. வந்த கூட்டத்தில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவானது. மாத்திரை நின்று மாதக்கணக்காகிவிட்டதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மந்திரவாதி வீட்டுக்கு அலைந்ததில் இன்னும் நாள் போனது. மறுபடி தொடங்கியபோது பழைய அளவு போதவில்லை, தெளியவும் நெடுநாள் பிடித்தது. அவன் வெட்டிய மரங்களை முதலாளி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

அதனால், ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்கும் முன் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். நின்றிருந்தால், அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும், அந்த வாரமே டாக்டருக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு அடிக்கடி போய்த் தூக்கத்தை விசாரியுங்கள்.

ஆராய்ச்சியைப் பாதி படிப்பது

"ரொம்ப நாளைக்கு மாத்திரை தேவையில்லையாமே?" என்று கைபேசியை நீட்டுகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் காட்டுவது பொய் அல்ல. 2013-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், முதன்முறை நோய் வந்து தெளிந்தவர்களை 7 வருடம் கழித்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முயன்ற பிரிவில் சுமார் 40% பேர் வேலை, குடும்பம் என்று நிலைக்கு வந்திருந்தார்கள். மருந்தைத் தொடர்ந்த பிரிவில் சுமார் 18%.

ஆனால் அதோடு படிப்பதை நிறுத்தக் கூடாது. 2023-இல் பிரிட்டனில் 253 பேரை வைத்து நடந்த ஆய்வில், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களுக்கு 2 வருட முடிவில் அன்றாட வாழ்க்கை மேம்படவில்லை. நோய் கடுமையாகத் திரும்பியது அவர்களில் 25% பேருக்கு, மருந்தைத் தொடர்ந்த பிரிவில் 13%. அதற்கு முன்பே, 2012-இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு வருடத்தில் நோய் திரும்பியது மருந்து எடுத்தவர்களில் 27%, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64%. மூன்றில் ஒருவர் மருந்தில்லாமலும் தாண்டியிருக்கிறார் என்பதும் இதே கணக்குதான். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் பரிசோதனை இல்லை. ஆகவே எல்லோரையும் 'சாகும்வரை' என்று மிரட்டுவதும் எனக்குப் பிடிக்காது.

குறைப்பதென்றால் டாக்டரோடு, மாதக்கணக்கில். ஒலான்சபினில் 10 மில்லிகிராமை 5 ஆக்குவதைவிட, கடைசி இரண்டரையை நிறுத்துவதுதான் மூளைக்குப் பெரிய மாற்றம். வீட்டில் பாதி பாதியாக உடைத்துப் பார்க்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தொழிலைக் கேட்காமல் நேரத்தைச் சொல்வது

இரவு பத்து மணிக்கு ஒலான்சபின் போடும் பால்வெட்டுக்காரர் மூன்று மணிக்கு எழுவது கஷ்டம். எழ வேண்டுமே என்று மாத்திரையை விடுவார். ஏழு மணிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூத்தூர், குளச்சல் பக்கம் தங்குகடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரை காண மாட்டார். மாதம் ஒருமுறை போடும் ஊசி அவருக்கு ஒத்துவரலாம்.

பீடி

புகை ஒலான்சபினையும், மற்ற மருந்துக்கு அடங்காத நோய்க்குத் தரும் க்ளோசபினையும் உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். பீடியைத் தொடங்கினாலும் விட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நேர்ச்சையா (சாமிக்கு வேண்டுதல்), மாத்திரையா?

இரண்டும்.

உடம்பைப் பார்க்காமல் விடுவது

எடை, சர்க்கரை, கொழுப்பு. மாத்திரை எத்தனை வருடமோ, அத்தனை வருடமும். ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மனநோய் மாத்திரையில் மாதவிடாய் நின்றுபோன பெண்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். பெண் பணியாளர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

க்ளோசபினைத் தள்ளிப் போடுவது

இரண்டு மருந்தைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் நோய் அடங்கவில்லையா? க்ளோசபின் பற்றிக் கேளுங்கள். வெள்ளை அணு குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலருக்கு வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது. தொடங்கிய பிறகு காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.