‘நம்மூர் மாதிரியே இருக்கிறதே’: பிறநாட்டு இலக்கியம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், ராமேசுவரம் பக்கத்துக்காரர்கள் கடலை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அலை அடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடா பெண்கடல். அலை எழுந்து அடிக்கும் மன்னார் வளைகுடா ஆண்கடல். இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவர், எர்னெஸ்ட் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட ‘கடலும் கிழவனும்’ குறுநாவலைப் படித்தால், ஓரிடத்தில் கட்டாயம் நிமிர்ந்து உட்காருவார். 84 நாட்கள் மீன் படாமல், மறுநாள் தனியே கடலுக்குப் போகும் கியூபாக் கிழவர் சாந்தியாகோ, கடலை ‘லா மார்’ என்று பெண்பாலில் நினைக்கிறார். இளைய மீனவர் சிலரோ ‘எல் மார்’ என்று ஆண்பாலில் சொல்கிறார்கள். ‘அட, நம்மூர் மாதிரியே இருக்கிறதே’ என்று, நாங்கள் சிலர் கூடிப் படிக்கும் இடத்தில் ஒருவர் மகிழ்ந்து சொன்னபோது நானும் தலையாட்டினேன். பிறநாட்டாரின் மதிப்பீடுகளை அவர்களுடைய கதைகளின் வழியே அறிய விரும்புவோர் செய்யும் தவறுகளில், என் கணக்கில், முதலாவது இதுதான்: ஒத்துப்போகிற இடம் கிடைத்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுவது.

அதே பக்கத்தைச் சற்றுத் தொடர்ந்து படித்தால் ஒற்றுமை கலைந்துவிடும். நம்முடையவை இரண்டு தனித்தனிக் கடல்கள். ஆண், பெண் என்ற பெயர்கள் அவற்றின் குணத்தைச் சொல்கின்றன. அந்தக் கதையில் கடல் ஒன்றுதான். பெயர்கள் அழைப்பவரின் மனத்தைச் சொல்கின்றன. நேசிப்பவர்கள் அதைப் பெண்ணாக்கிச் சொல்கிறார்கள். தூண்டில் கயிற்றுக்கு மிதவை கட்டுகிறவர்களும், சுறா ஈரல் நல்ல விலைக்குப் போன காலத்தில் மோட்டார் படகு வாங்கியவர்களுமான இளையவர்கள், அதைப் போட்டியாளனாக, வெறும் இடமாக, பகைவனாகக்கூட எண்ணி ஆணாக்கிச் சொல்கிறார்கள். ஆகவே இதற்கு இணையான ஒன்றைப் பாம்பனில் தேடினால், அது ஆண்கடல் பெண்கடல் பேச்சில் இல்லை; நாட்டுப்படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் நடுவே நெடுங்காலமாக இருந்துவரும் மனத்தாங்கலில் இருக்கிறது. முதலில் கண்ட ஒற்றுமை பொய்யாகி, அதற்கு அடியில் வேறோர் ஒற்றுமை தென்படுவது வாசிப்பில் அடிக்கடி நடப்பதுதான்.

மொழிபெயர்ப்பைக் கண்ணாடி என்று நம்புவதும் தவறு. எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு என்னும் ஸ்பானிய இலக்கணம், கடலை அஃறிணையில் ‘அது’ என்று சொல்லும் தமிழுக்குள் அப்படியே இறங்குவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதற்காக ஸ்பானியம் படிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

எழுதியவர் யார் என்பதை மறந்துவிடுவதுதான் இன்னும் பெரிய பிழை. ஹெமிங்வே ஹவானா அருகே பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்றாலும், ஆங்கிலத்தில் எழுதிய அமெரிக்கர். தோற்றாலும் உடையாத கிழவரின் வைராக்கியம் கியூபா மீனவர்களுடையதா, போரையும் காளைச் சண்டையையும் பற்றி எழுதிய காலத்திலிருந்தே அந்த எழுத்தாளர் போற்றிவந்த குணமா என்று கேட்காமல், ‘கியூபாக்காரர்கள் இப்படித்தான்’ என்று முடிவுகட்டக் கூடாது. யுகியோ மிஷிமா 1954இல் எழுதிய, அலைகளின் ஓசை என்று பொருள்படும் ‘ஷியோசாய்’ நாவல் இதற்கு இன்னும் நல்ல சான்று. சிறு தீவு, மீன்பிடிக்கும் இளைஞன், முத்துக்குளிப்பவரைப் போல மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் என்று படிக்கும்போது, கலப்பற்ற ஜப்பானியக் கிராமத்தையே கண்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் மிஷிமா தோக்கியோ நகரத்தில் பிறந்தவர். கிரேக்க நாட்டுக்குப் போய் வந்த பிறகு, ‘டாஃப்னிசும் குளோயியும்’ என்ற பழைய கிரேக்கக் காதல் கதையை முன்மாதிரியாகக் கொண்டு இதை எழுதினார். நாம் ஜப்பானின் வெகுளித்தனம் என்று வியப்பதில் ஒரு பங்கு ஏதென்ஸ் வழியாக வந்தது.

அந்த நாவலின் முடிவும் வாசகரைச் சோதிக்கும். புயலில் உயிரைப் பணயம் வைத்துக் கப்பலைக் காத்துத் திரும்பும் இளைஞன் ஷின்ஜி, காதலியின் படத்தைத் தன்னுடன் வைத்திருந்தான். தன் படம்தான் அவனைக் காத்தது என்று அவள் பெருமை கொள்கிறாள். தன் வலிமைதான் காத்தது என்பது அவனுக்குத் தெரியும். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ‘ஜப்பானிய நம்பிக்கை’ என்று குறித்துக்கொள்பவர், ஒரு பாத்திரத்தின் எண்ணத்தை ஒரு நாட்டின் எண்ணமாக்கிவிடுகிறார். அவள் சொல்வதையே நம்மில் பலர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், 1956இல் வெளிவந்து, சுந்தர ராமசாமியின் தமிழில் நாம் படித்த ‘செம்மீன்’ என்னும் மலையாள நாவல். கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலுக்குப் போன கணவனைக் காக்கும் என்பது அந்தக் கதையின் அச்சு. அதை எழுதிய தகழி, நெல்வயல் சூழ்ந்த குட்டநாட்டைச் சேர்ந்தவர், வழக்கறிஞராக இருந்தவர்.

வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ‘செம்மீன்’ நாவலை மனத்தில் வைத்துக்கொண்டு, பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்களிடம், உங்களிடமும் அந்த நம்பிக்கை உண்டா என்று என் முன்னாலேயே கேட்டுவிட்டார். தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்து என்னும் கடற்பாசி எடுப்பவர்கள் அவர்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். கேள்வி புரிந்ததும் சிரித்துவிட்டார். “நாங்களே கடலுக்குள்ளதானய்யா கெடக்கோம், கரையில யாரு இருந்து காக்குறது?”