பெயரை விட்டேன், தெருவைப் பிடித்தேன்

என் கணவரின் கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து டெட்ராய்ட்டுக்குப் பிழைக்கப் போனவர். 1920 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயரைப் பல வாரம் தேடினேன். கிடைக்கவே இல்லை.

வழி காட்டியது, முதல் உலகப் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்க அரசு எழுதி வாங்கிய ராணுவப் பதிவு அட்டைதான். 1918 செப்டம்பர் 12 அன்று 18 முதல் 45 வயது வரையிலான, அதுவரை பதியாத ஆண்கள் பதிய வேண்டியிருந்தது. அவருடைய அட்டையில் பிறந்த தேதி, வீட்டு முகவரி, நெருங்கிய உறவாக மனைவியின் பெயர். பின்பக்கம்: நடுத்தர உயரம், நீலக் கண். முன்பக்கத்தின் அடியில் நடுங்கிய கோட்டில் அவரே போட்ட கையெழுத்து! அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெயரை விட்டுவிட்டு, அந்தத் தெரு எந்தக் கணக்கெடுப்பு வட்டாரத்தில் வருகிறது என்று பார்த்து, பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் அதே வீட்டு எண், அதே மனைவி. 'யான்' என்பவர் 'ஜான்' ஆகியிருந்தார். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை, பெயர் தேட உதவும் அட்டவணையில் யாரோ தவறாகப் படித்திருந்தார்கள். வயதும் மூன்று வருடம் குறைவு. கணக்கெடுப்பில் வயதை நம்பாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாகக்கூட இருக்கலாம்.

1942 ஏப்ரலில் 45 முதல் 64 வயது வரையிலான ஆண்களுக்கு நடந்த ராணுவப் பதிவின் அட்டையிலும் அதே பிறந்த தேதி. கூடவே, பிறந்த ஊரும்.