கதவு பேனலை இழுக்கும் முன்

ஸ்பீக்கர் மாற்ற கார் கதவு பேனலைக் கழற்றுகிறீர்களா? வர மறுத்தால் இழுக்காதீர்கள். பெரும்பாலும் எங்கேயோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடிக் குழிக்குள்ளும் சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் தேடுங்கள். அப்படி ஒன்றைக் கவனிக்காமல் இழுத்துத்தான் என் பேனலின் ஓரம் முறிந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். இதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல் செட் விற்கிறார்கள். பேனலைக் கதவோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒட்டியே செருகி, ஒவ்வொன்றாக விடுவியுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென்று முறியும். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்துங்கள், அல்லது ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டுங்கள்.

கிளிப் உடைந்தால் பரவாயில்லை, உதிரிபாகக் கடையில் தனியாகவே கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பேனலே உடைந்தால்தான் கஷ்டம்: பல பேனல்கள் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அதில் சாதாரணப் பசை பிடிக்காது.