கொரியன் கடைக்கு போனா கை நிறைய அள்ளாதீங்க, ஒண்ணே ஒண்ணு வாங்குங்க

அமெரிக்காவுல நியூஜெர்சி எடிசன்ல இருக்கற எச் மார்ட்ங்கற கொரியன் மளிகைக்கடைக்கு மொதல் தடவ போனப்ப நான் பண்ண தப்பு, கண்ணுல பட்டதெல்லாம் எடுத்து கூடைல போட்டது. 1982ல நியூயார்க் க்வீன்ஸ்ல ஒரு கடையா ஆரம்பிச்சது அது, எச் வந்தது ஹான் ஆ ரூம்ங்கற கொரியன் பேர்லேர்ந்து, அதுக்கு அர்த்தமே கை நிறைய சாமான்னு தான். நானும் பேருக்கு ஏத்த மாதிரி ஒம்பது ஐட்டம் அள்ளிட்டு வந்தேன், ஆறு ஃப்ரிட்ஜ்லயே கெடந்து குப்பைக்கு போச்சு.

இப்ப ஒரு ட்ரிப்புக்கு புதுசா ஒண்ணு தான். மொதல்ல துளியூண்டு நாக்குல வச்சு பாக்கறது, அப்புறம் தூக்கத்துல எழுப்பினாலும் செய்ய வர்ற சமையல் எதுலயாவது சேக்கறது. புது சாமான், புது ரெசிபி ரெண்டும் ஒண்ணா எறங்கினா, சொதப்பினது எதுனாலன்னே தெரியாது.

கோச்சுஜாங், அந்த செவப்பு டப்பா. நாக்குல வச்சு பாக்காம, மொளகா விழுது தானேன்னு காரக்கொழம்புல ரெண்டு ஸ்பூன் போட்டுட்டேன், கொழம்பு இனிச்சுது! மொளகாத்தூளோட ஒட்டரிசி, புளிக்க வச்ச சோயா, உப்பு, சிரப்பெல்லாம் சேர்ந்தது அது, கொழம்புக்கு ஆகாது. ஒரு ஸ்பூன் எடுத்து நசுக்கின பூண்டு, கொஞ்சம் சோயா சாஸ் சேத்து உருளைக்கெழங்கு ரோஸ்ட்ல கடைசி ரெண்டு நிமிஷம் பொரட்டுங்க, அவ்ளோ தான். கூடவே அங்க விக்கற எள்ளெண்ணெய நம்ம நல்லெண்ணெய்னு நெனச்சு தாளிச்சுடாதீங்க, அது எள்ள வறுத்து எடுக்கறது, வாசம் தூக்கலா இருக்கும், எறக்கினப்புறம் நாலு சொட்டு போதும்.

மிசோ, ஜப்பான்காரங்க சூப்புல கரைக்கற புளிக்க வச்ச சோயா விழுது, ரொம்ப ஈசி. வெள்ளை மைல்டா இருக்கும், செவப்பு உப்பு ஜாஸ்தி. ரசம் நொரச்சு வந்ததும் அடுப்ப அணைப்போம்ல, அதே புத்தி தான் இங்கயும், கொதிக்க விட்டா வாசம் போயிடும், சூப் அடுப்ப அணைச்சுட்டு, ஒரு கரண்டி சூடான சூப்புல மிசோவ கரைச்சு அதுலயே ஊத்துங்க, தனியா உப்பு வேணாம். சைவக்காரங்க மட்டும் லேபிள படிச்சுட்டு வாங்குங்க, தாஷிங்கற ஜப்பான் சூப் சாறு கலந்த மிசோல பெரும்பாலும் மீன் இருக்கும், கிம்ச்சிங்கற கொரியன் காய்கறி ஊறுகாய்லயும் மீன் சாஸோ உப்பு எறாவோ தான் வழக்கம்.

எனக்கு ரொம்ப புடிச்சது சிச்சுவான் மொளகு. பேரு தான் மொளகு, எலுமிச்ச நார்த்தங்கா குடும்பம் அது. தோல் ஒண்ணு எடுத்து முன்பல்லால கடிங்க, மொதல்ல எலுமிச்சந்தோல் வாசம், கொஞ்ச நேரத்துல ஒதட்ல பொடி எறும்பு ஊர்ற மாதிரி ஒரு அதிர்வு, அப்புறம் தண்ணி குடிச்சா கூட வேற ருசி. பயந்துடாதீங்க, அலர்ஜி இல்ல, அதோட குணமே அது தான். 2013ல லண்டன்ல ஆராய்ச்சிக்காரங்க இத ஒதட்ல தடவி அந்த அதிர்வ அளந்து பாத்திருக்காங்க, 50 ஹெர்ட்ஸ் கிட்ட, அதாவது செகண்டுக்கு அம்பது தடவ கிட்ட வந்துச்சாம், இந்தியால நம்ம வீட்டு கரண்ட்டோட அதே ஃப்ரீக்வென்சி! உள்ள இருக்கற கறுப்பு வெதைய பொறுக்கி போட்டுடணும், பல்லுல மண்ணு மாதிரி நறநறன்னும். தோல மட்டும் வெறும் வாணலில சின்ன தீயில வாசம் வர வரைக்கும் வறுத்து, பொடிச்சு, உப்போட சேத்து வறுத்த வேர்க்கடலைல போட்டு பாருங்க. கால் ஸ்பூன தாண்ட வேணாம்.

போன வாரம் வாங்கினது கலங்கல், தாய் சமையல்ல போடற இஞ்சி மாதிரி கெழங்கு. வீட்டுக்கு வந்து மோந்து பாத்தா நல்லா பழகின வாசனை, நம்ம நாட்டு மருந்துக்கடை பேரரத்தையே தான், பச்சையா. இஞ்சிக்கு பதிலா போட்டா ருசி மாறிடும், கட்டை மாதிரி இருக்கறதால மெல்லவும் முடியாது, அதனால மெல்லிசா வட்டம் வட்டமா நறுக்கி தேங்காப்பால் சொதில கொதிக்க விட்டேன், கருவேப்பில மாதிரி தட்டுல ஒதுக்கிட வேண்டியது தான். அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், "யாருக்குடி இருமல்?"னு கேட்டாங்க.