ஏரியைக் காப்பாற்றணுமா? வாய்க்காலின் சர்வே எண்ணைத் தேடுங்கள்

ஊர் ஏரிக்காகக் கிளம்புகிறவர்கள் நேராக ஏரிக்குள்தான் இறங்குகிறார்கள். ஆகாயத்தாமரையை அள்ளுவது, கரையில் பனை விதை ஊன்றுவது, நாலு படம் எடுப்பது. நல்லதுதான். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் தூர்வாரிய ஏரி வெறும் பள்ளம்.

முதல் வேலை காகித வேலை. தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும், நிலத்தின் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படமும் பார்க்கலாம். ஏரியின் எண்ணோடு நிறுத்திவிடாமல், தண்ணீர் வரும் வழியில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, எதெல்லாம் வாய்க்கால் புறம்போக்கு, எதெல்லாம் ஓடை என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டா நிலங்களுக்கு நடுவே புலப்படத்தில் ஒல்லியாக இரண்டு கோடுகள் ஓடும், அதுதான் வாய்க்கால். நேரில் போனால் அங்கே தென்னங்கன்றும் கம்பி வேலியும் நிற்கும்.

அப்புறம், ஏரி யாருடையது? ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் எங்கள் ஊர் மனுவை வேறொரு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தோம்.

நீர்வளத் துறையின் ஏரிக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மற்ற நீர்நிலைப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தாரிடம் போகலாம். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளை நம்பி உட்கார வேண்டாம், பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளை அந்த விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. மனுவில் 'ஆக்கிரமிப்பை அகற்றுங்கள்' என்று மொட்டையாக எழுதாமல், இன்ன சர்வே எண்ணை அளந்து எல்லைக்கல் நடுங்கள் என்று கேளுங்கள்.

பதில் வரவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் மழுப்புவார்கள். கடைசியாக அளந்த அறிக்கையின் நகல், கொடுத்த நோட்டீஸின் நகல் என்று கேளுங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், அதில் சர்வே எண் இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு ஏரியை விட்டுத் தெருச்சண்டைக்குப் போய்விடும். தீர்மான நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

சர்வேயர் வரும் நாளில் மடை திறந்த பழைய ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். கல் நட்டதும் ஒவ்வொன்றையும் இடக்குறியீடு (ஜிபிஎஸ்) படத்தில் விழுகிற மாதிரி படம் எடுத்துவிடுங்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போடுகிறவர்களும் உண்டு.