இங்கே எது இல்லை? சூன்யதை தியானம் முதல்முறை பழகுகிறவர்களுக்கு

'சூனியம்' என்றதும் பலருக்கு பில்லி, ஏவல் ஞாபகம் வரும். படித்தவர்களுக்கோ 'எல்லாம் பொய், எதுவுமே கிடையாது' என்ற எண்ணம் வரும். புத்தர் சொன்ன சுஞ்ஞதா (சூன்யதை என்பதற்குப் பாலி மொழிச் சொல்) இரண்டிலும் சேராது. சாவத்தி நகரத்தில், விசாகை என்ற பக்தை கட்டிக்கொடுத்த மாளிகையில் சீடர் ஆனந்தர் இதைப் பற்றிக் கேட்டபோது, புத்தர் அந்தக் கட்டடத்தையே உதாரணமாகக் காட்டினார். இங்கே யானை இல்லை, மாடு இல்லை, பொன் வெள்ளி இல்லை. பிக்குகளின் கூட்டம் மட்டும் இருக்கிறது. இல்லாததை இல்லையென்று பார், மீதி இருப்பதை இருக்கிறதென்று அறி. சூன்யதை பற்றிய 'சூளசுஞ்ஞத சுத்தம்' ('சுத்தம்' என்றால் பாலியில் புத்தரின் உரை) தொடங்குவது இப்படித்தான். பல வருடம் எனக்குப் பிடிபடாத விஷயம், இந்த யானையில்தான் பிடிபட்டது.

1. உட்காருங்கள். 15 நிமிடம் போதும். தரையோ நாற்காலியோ, முதுகு நிமிர்ந்திருந்தால் சரி. போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

2. மூச்சை அறியுங்கள். முதல் 5 நிமிடம் இது மட்டும். மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று அறியுங்கள், குட்டையாக வந்தால் குட்டை என்று அறியுங்கள். பிராணாயாமம் போல இழுத்துப் பிடிக்க வேண்டாம். மனம் ஓடத்தான் செய்யும். 'ஓடிவிட்டது' என்று தெரிகிற கணம் இருக்கிறதே, அதுதான் பாலியில் 'சதி', அதாவது விழிப்பு. அதனால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புங்கள்.

3. இல்லாததைப் பாருங்கள். நேற்று மேலதிகாரி சொன்ன சொல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இந்த அறையில் அவர் இருக்கிறாரா? இல்லை. அலுவலகம்? இல்லை. நாளைக்குக் கட்ட வேண்டிய தவணையும் இங்கே இல்லை. ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் மெதுவாக 'இது இங்கே இல்லை' என்று சொல்லுங்கள். தவணையைக் கட்டத்தான் வேண்டும். இப்போதைக்கு அது ஓர் எண்ணமாக மட்டும் வந்திருக்கிறது.

4. மீதியை ஒப்புக்கொள்ளுங்கள். மின்விசிறிச் சத்தம், தரையில் அழுந்தும் தொடை, முழங்கால் வலி. நான் தொடக்கத்தில் இவற்றையும் 'இல்லை' என்று தள்ளப் பார்த்தேன். அது தவறு. அந்த சுத்தத்தின் கடைசிக் கட்டத்தில்கூட, உயிர் உள்ளவரை ஆறு புலன்களோடு (ஐம்புலனும் மனமும்) கூடிய உடல் மிச்சம் இருக்கிறது என்றுதான் புத்தர் சொல்கிறார்.

5. 'என்' என்பதைத் தேடுங்கள். இதற்கு நிதானம் வேண்டும். முழங்கால் வலியையே எடுத்துக்கொள்வோம். கிட்டப் போய்ப் பார்த்தால் சூடு, குத்தல், இறுக்கம், கூடுகிறது, குறைகிறது. 'என் வலி' என்கிறோமே, அந்த 'என்' இதில் எங்கே? தேடினால் அகப்படுவது இன்னோர் எண்ணம். மனதின் செயல்களுக்குப் புத்தர் வாழைமரத்தை உவமை சொன்னார்: வைரம் பாய்ந்த கட்டை தேடிப் போனவன் மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போகிறான், வைரம் கிடைக்கவில்லை. அதற்காக வாழையே இல்லையென்று ஆகிவிடாது. மண்ணும் நீரும் கிழங்கும் சேர்ந்து நிற்கிற மரம் அது. சார்ந்து தோன்றுவதைத்தான் சூன்யம் என்கிறோம் என்று பின்னால் பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனர் சொன்னதும் இதையொட்டித்தான்.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் 12 நிதானங்களில் (ஒன்றைச் சார்ந்து ஒன்று வரும் காரணங்களில்) நுகர்ச்சியை, அதாவது இன்ப துன்ப உணர்வைச் சார்ந்து வேட்கை, வேட்கையைச் சார்ந்து பற்று வரும். வலி நுகர்ச்சி. 'இது போய்த் தொலையாதா' என்ற தவிப்பு வேட்கை. இரண்டும் ஒன்றல்ல என்று ஒருமுறை கண்ணால் கண்டதுபோல் தெரிந்துவிட்டால், அன்றைக்கு அது போதும். எழுந்துவிடலாம்.

நடுவில் பயமோ, எல்லாம் அந்நியமாகிப் போன உணர்வோ வந்தால் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, எழுந்து நாலு எட்டு நடங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஐந்தாவது படிக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் பழகிய அப்புறம், சுத்தத்தின் அடுத்த படியை முயலலாம்: ஊரையும் ஆட்களையும் விட்டுவிட்டு, 'காடு' என்ற ஒரே குறிப்பில் மனதை வைப்பது. ஒரு மரமாவது கண்ணில் படுகிற மொட்டைமாடி இருந்தால் அதற்கு வசதி.